லனியாகேயாவுக்கு எல்லை எப்படி வந்தது?

விண்வெளியில் கோடு எதுவும் கிடையாதே, பிறகு நம் பால்வெளி இருக்கும் லனியாகேயா என்ற பெருங்கொத்தின் (கேலக்ஸிகள், அதாவது விண்மீன் மண்டலங்கள், சேர்ந்த பெருங்கூட்டத்தின்) எல்லையை எப்படி வரைந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மழைத்தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். மலைமுகட்டின் இந்தப் பக்கம் விழும் துளி ஓர் ஆற்றுக்கு, அந்தப் பக்கம் விழுவது வேறு ஆற்றுக்கு. முகடுதான் எல்லை. 2014-இல் வானியலாளர் பிரென்ட் டல்லி குழுவினர் செய்ததும் இதுதான். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் வேகத்தில் பிரபஞ்ச விரிவின் பங்கைக் கழித்தார்கள். மிச்சம், ஈர்ப்பின் இழுப்பு. நம் பக்கத்து ஓட்டமெல்லாம் பேரீர்ப்பான் என்ற பகுதியை நோக்கிச் சாய்ந்தது. அப்படிச் சாயும் வட்டாரம்தான் லனியாகேயா; ஓட்டம் வேறு பக்கம் பிரியும் இடம்தான் அதன் முகடு, அதாவது எல்லை. குறுக்கே சுமார் 52 கோடி ஒளியாண்டு! ஹவாய் மொழியில் 'அளவற்ற வானம்' என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

அப்புறம் ஒன்று: ஆற்றுநீர் கடலில் போய்ச் சேரும், இந்தக் கேலக்ஸிகள் எல்லாம் ஓரிடத்தில் சேரப்போவதில்லை. விரிவு ஈர்ப்பை மிஞ்சுவதால் லனியாகேயா மெல்லக் கலைந்துகொண்டிருக்கிறது.