பி.ஆர். விண்ணப்பம்: ஏஜென்டைப் பார்க்கும் முன் உங்கள் காகிதங்களைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையான பி.ஆர். பற்றியவை. நம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி பெரும்பாலும் நம்மை நேரில் பார்ப்பதே இல்லை. நாம் அனுப்பும் காகிதங்களைத்தான் பார்க்கிறார். அதனால் சேலத்தில் இருக்கும்போதே சரிசெய்துகொள்ள வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது. குடும்பப்பெயர் கட்டம் காலி. பட்டச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் சேர்ந்திருக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுமா? (வாசகர், ஓமலூர்)

இதற்காக மட்டும் நிராகரிக்க மாட்டார்கள். குடும்பப்பெயர் இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை முழுவதுமாகக் குடும்பப்பெயர் கட்டத்தில் எழுதி, அடுத்த கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்று கனடா குடிவரவுத் துறையே சொல்கிறது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியல் வேறுபாட்டுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் வைத்துக்கொண்டால் நல்லது.

பெயரே வேறாக இருந்தால் கதை வேறு. பள்ளியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்றால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதைக் கொண்டு மற்ற ஆவணங்களைத் திருத்த வேண்டும். வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, கூடுதல் மதிப்பெண் உள்ளவர்களை பி.ஆருக்கு விண்ணப்பிக்க அழைக்கும் கனடாவின் இணையவழி முறைதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதில் பதிவு செய்யும் முன்பே இதை முடித்துவிடுங்கள். அழைப்பு வந்துவிட்டால் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்க 60 நாள்தான் கிடைக்கும். போலீஸ் சான்றிதழுக்கும் மருத்துவப் பரிசோதனைக்குமே அந்த நாள்கள் சரியாகிவிடும்.

எனக்கு வயது 38, திருமணமாகவில்லை. பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் தனியார் மருத்துவமனையில் பத்து வருடமாகப் பணிபுரிகிறேன். வயது கடந்துவிட்டதா? (வாசகி, அம்மாப்பேட்டை)

இல்லை அம்மா. கணக்கைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனி நபருக்கு 38 வயதில் 61 மதிப்பெண், 40 வயதில் 50. இரண்டு வருடத்தில் இழப்பது 11. ஆங்கிலத்தில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பிரிவிலும், கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் ஏழாம் நிலையில் இருப்பவருக்கு 68 மதிப்பெண்; ஒன்பதாம் நிலையை எட்டினால் 124. வித்தியாசம் 56. அதோடு, படிப்பையும் அனுபவத்தையும் ஆங்கிலத்தோடு சேர்த்துத் தரும் கூடுதல் மதிப்பெண்ணும் ஏறும். ஒன்பதாம் நிலைக்கு ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் தேர்வில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் தலா 7 வேண்டும். அகாடமிக் தேர்வை எழுதிவிடாதீர்கள். அது இதற்குச் செல்லாது. வயதை நினைத்துக் கலங்கும் நேரத்தைக் கேட்டல் பயிற்சிக்குக் கொடுங்கள்.

நம் பட்டம் கனடாவில் எந்தப் படிப்புக்குச் சமம் என்று பார்க்கும் கல்வித் தகுதி மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் ஆவணங்கள் தேவைப்படும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அதற்குச் சென்னை கிண்டிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் அதைத் தொடங்குங்கள். மருத்துவமனையில் வாங்கும் அனுபவக் கடிதத்தில் பதவி, பணிகளின் விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் ஆகியவை இருக்க வேண்டும். ‘நன்னடத்தை உடையவர்’ என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. அங்கே நர்ஸாக வேலை செய்ய அந்தந்த மாகாணத்தின் பதிவும் தனியாகப் பெற வேண்டும். பி.ஆர். கிடைத்தால் அதுவும் சேர்ந்து கிடைத்துவிடாது.

சொந்தமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். சம்பளச் சீட்டு கிடையாது. என் அனுபவத்தை ஏற்பார்களா? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வெளிநாட்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவில் சுயதொழில் அனுபவத்தை ஏற்கிறார்கள். ஆனால் நீங்களே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். தொழில் உங்களுடையது என்பதற்கான பதிவு, வருமான வரிக் கணக்கு, உங்களிடம் சரக்கு வாங்கியவர்கள் என்ன வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதித் தரும் கடிதங்கள் வேண்டும். நம் பட்டறைத் தொழிலில் ரொக்கமும் நம்பிக்கையும்தான் அதிகம். துண்டுச் சீட்டில் எழுதி முடித்த கணக்கு அங்கே நிற்காது. இன்றிலிருந்து பில் போட்டு, பணத்தை வங்கி வழியாக வாங்கத் தொடங்குங்கள்.

அமெரிக்க கிரீன் கார்டு லாட்டரியில் தேர்வாகியிருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. பணம் கட்டலாமா? (வாசகர், ஆத்தூர்)

கட்டாதீர்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த லாட்டரியில் தகுதியே இல்லை. பெற்றோரோ துணையோ தகுதியுள்ள வேறு நாட்டில் பிறந்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு. எப்படியானாலும், தேர்வானவர்களுக்கு அமெரிக்க அரசு மின்னஞ்சலில் தகவல் அனுப்புவதில்லை.

ஏற்காட்டில் அப்பா பெயரில் காப்பித் தோட்டம் இருக்கிறது. கனடாவில் குடியேறும் செலவுக்குக் காட்ட வேண்டிய பண ஆதாரமாக அதன் மதிப்பைக் காட்டலாமா? எனக்கு பி.ஆர். கிடைத்தால் தோட்டத்தின் மீதான உரிமை போய்விடுமா?

முதல் கேள்விக்கு, முடியாது என்பதே பதில். நிலம், வீடு எதுவும் கணக்கில் வராது. கடன் வாங்கிய பணமும் கூடாது. உடனே எடுக்கக்கூடிய பணமாக வங்கியில் இருக்க வேண்டும்; வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் வர வேண்டும். அப்பா பணமாகக் கொடுத்தால், திருப்பித் தர வேண்டியதில்லை என்ற அன்பளிப்புக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியைப் பலர் காலம் கடந்துதான் கேட்கிறார்கள். பி.ஆர். வாங்கினாலும் நீங்கள் இந்தியக் குடிமகன்தான், பாஸ்போர்ட் மாறாது. ஆனால் அங்கே குடியேறியதும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். அதன் பிறகு விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. தான செட்டில்மென்டாகப் பெறவும் முடியாது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. இங்கே வசிக்கும்போது வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும். எனவே அப்பா உங்கள் பெயருக்கு எழுதிவைக்க நினைத்தால், நீங்கள் புறப்படும் முன் செட்டில்மென்ட் செய்யட்டும், அல்லது உயில் எழுதட்டும். வழக்கறிஞரிடம் பேசும்போது வெளிநாடு போகவிருப்பதை மறைக்காதீர்கள்.

கனடாவில் வேலைக் கடிதமும் பி.ஆரும் சேர்த்து வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் பன்னிரண்டு லட்சம் கேட்கிறார். (வாசகர், எடப்பாடி)

வேலைக் கடிதத்துக்கு முன்பு 50 அல்லது 200 மதிப்பெண் கொடுத்தார்கள். போலிக் கடிதங்கள் பெருகியதால் 2025 மார்ச் 25 முதல் அதை நீக்கிவிட்டார்கள். அந்த மதிப்பெண்ணைக் காட்டி அவர் விற்கிறார் என்றால், அது இப்போது இல்லவே இல்லை. பொய்க் கடிதம் வைத்தது தெரிந்தால் ஐந்து வருடத் தடை உங்களுக்குத்தான், ஏஜென்டுக்கு அல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பிக்க, கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கோ அந்நாட்டுக் குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் (‘காலேஜ்’ என்று பெயர் இருந்தாலும் அது படிக்கும் கல்லூரி அல்ல) பதிவு பெற்றவருக்கோதான் அனுமதி. பதிவு எண் கேளுங்கள். அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். எண் சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அப்பா, அம்மாவை என் விண்ணப்பத்திலேயே சேர்த்துக்கொள்ளலாமா? நான் ஒரே மகள். (வாசகி, மேட்டூர்)

சேர்க்க முடியாது. கணவர், 22 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகள் வரைதான். நீங்கள் அங்கே நிலைத்த பிறகு, பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் அழைக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டு வரை தங்கலாம். உங்கள் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்ட வேண்டும். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் கூடுதலாக வரலாம். அதை இப்போதே விசாரித்து உங்கள் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஊருக்கு வந்து அவர்களோடு இருக்கலாம்: ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் பி.ஆர். நீடிக்கும்.