கானாற்றுக் கரையில் நடைபாதை: யாரிடம், எதைக் கேட்பது?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில், மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் நகர் இருக்கிறது. லேஅவுட்டில் பூங்காவுக்கென விட்ட இருபது சென்ட் இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பக்கத்திலேயே கானாறு, மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடை. முன்பெல்லாம் அதன் கரை வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் பஸ் ஸ்டாப்புக்கும் போவார்கள். கட்டட இடிபாடுகளைக் கொட்டி அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்போது எல்லோரும் நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில்தான் நடக்கிறோம். பூங்கா இடத்தில் வாக்கிங் டிராக் போட்டுத் தருவதாகக் கவுன்சிலர் சொல்கிறார். கரையையும் நடக்க, சைக்கிள் ஓட்ட ஏற்றதாக்க முடியுமா? யாரிடம் கேட்பது? என்ன மரம் வைக்கலாம்?
– நகர் நலச் சங்கத்தினர்

பதில்: முடியும். ஆனால் முதலில் கரை வழி, அப்புறம் பூங்கா என்று கேளுங்கள். காரணம் இருக்கிறது. இருபது சென்ட் இடத்தின் ஓரமாக டிராக் போட்டால் ஒரு சுற்றுக்கு நூறு மீட்டர் தேறினால் அதிகம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உடம்புக்காக நடப்பவர்களுக்கு அது உதவும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கரை வழியோ நாள் முழுக்க ஆள் நடமாடும் வழி. பள்ளிப் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், ரேஷன் கடைக்குப் போகும் பெரியவர்கள் என்று எல்லோருக்கும் அது வேண்டும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் உங்கள் தெருவிலும் பல வீடுகளில் நிற்கும். அதை எடுத்துக்கொண்டு பிள்ளை சர்வீஸ் ரோட்டுக்குப் போகக் கூடாது என்று அம்மா தடுப்பதில் தப்பே இல்லை. எதிர்த்திசையில் லாரி வரும் ரோடு அது.

மனு எழுதுவதற்கு முன் ஒரு வேலை. பள்ளி நாளில் காலை எட்டு மணிக்கு, உங்கள் நகரிலிருந்து பள்ளிவரை பிள்ளைகளோடு சேர்ந்து நடந்து பாருங்கள். வழி எங்கெல்லாம் அறுந்துபோகிறதோ அங்கெல்லாம் நின்று போட்டோ எடுங்கள். உடைந்த கால்வாய் சிலாப், இடிபாட்டுக் குவியல், நடைபாதையை அடைத்து நிற்கும் டிரான்ஸ்பார்மர், தெருவுக்குள் நீண்டுவிட்ட வீட்டுச் சாய்தளம், நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம். எண்ணூறு மீட்டர் வழி நன்றாக இருந்து, நடுவில் பத்து மீட்டர் அறுந்திருந்தால் அந்த வழியைப் பிள்ளைகள் பயன்படுத்த முடியாது. பெரும்பாலும் அந்தப் பத்து மீட்டரைச் சரிசெய்ய ஆகும் செலவு, புது டிராக் போடும் செலவில் சிறு பங்குதான். நான் பார்த்த வரையில், பணம் இல்லாமல் இந்த வேலைகள் நின்றதைவிட, இன்ன இடம் என்று யாரும் காட்டாததால் நின்றதுதான் அதிகம்.

அடுத்தது நிலம். தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை, யாருடையது என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) இலவசமாகப் பார்க்கலாம். கரை எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஓடைப் புறம்போக்கா, வண்டிப்பாதையா, அல்லது யாருடைய பட்டாவிலாவது ஒரு பகுதி விழுகிறதா? நகர நில அளவை நடந்த பகுதியாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டில் தேட வேண்டும். கானாறு வருவாய்த் துறைப் புறம்போக்காகவோ நீர்வளத் துறைப் பராமரிப்பிலோ இருக்கலாம். அப்படியானால் மாநகராட்சி தானாக அங்கே ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது, அந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். மாநகராட்சிக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் சங்கங்கள் இடறுவது இங்கேதான்.

பூங்கா இடத்துக்கு வேறு தாள்கள் பார்க்க வேண்டும். லேஅவுட் அனுமதி தரும்போது சாலைகள் போக மீதிப் பரப்பில் பத்து சதவீதத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்பது நம் மாநில விதி. சிறிய லேஅவுட்டுகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அந்த இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியின் பெயருக்குப் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதி வரைபட நகலும் பத்திர எண்ணும் கையில் இல்லையென்றால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். இதில் சோம்பல் வேண்டாம். வேலியில்லாத பூங்கா இடத்தில் திடீரென ஒரு கட்டடம் முளைக்கும்போது அந்த நகல்தான் உங்களைக் காப்பாற்றும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான்.

இப்போது கரைக்கு வருவோம். கானாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். அதனால்தான் அதில் இடிபாடு கொட்டத் துணிகிறார்கள். மலையில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் கரை புரண்டு வரும் என்பதை 2021 நவம்பரில் பாலாற்றுப் பக்கம் இருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எனவே மூன்று விஷயத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பாதைக்காகக் கானாற்றின் அகலத்தைக் குறைப்பது, கரையைக் கான்கிரீட் சுவராக எழுப்புவது, பாதையை அக்கம்பக்கத்துத் தெருவைவிட உயர்த்துவது. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. உயர்ந்த பாதை அணைபோல நின்று, தெருவில் பெய்த மழையைக் கானாற்றுக்குள் இறங்கவிடாது, தண்ணீர் வீடுகளுக்குள் வரும். பாதை தெரு மட்டத்திலேயே இருக்கட்டும். ஆற்றுப் பக்கமாக ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் மெல்லிய சாய்வு போதும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினால்தான் மறுபடி துளிர்க்காது, ஆனால் மழைக்கு முன் கரை முழுவதும் ஜேசிபி விட்டுப் பிடுங்கினால் மண் அரித்துப்போகும். துண்டு துண்டாகப் பிடுங்கி, பிடுங்கிய சரிவில் உடனே வெட்டிவேர் நடச் சொல்லுங்கள்.

அகலம் எவ்வளவு? குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது வேண்டும் என்பது சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் 2012 வழிகாட்டி. தெருவோர நடைபாதை 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிட்டு, யாரும் ஏறி நடப்பதில்லை என்று குறைபடுகிறோம். உங்கள் கரையில் மூன்று மீட்டர் கிடைத்தால் நடப்பவர்களும் சைக்கிளும் சேர்ந்து போகலாம். இரண்டு மீட்டர்தான் என்றாலும் விட்டுவிடாதீர்கள், நடுவே வெள்ளைக்கோடு போட்டுப் பிரிக்க மட்டும் வேண்டாம். அந்த அகலத்தில் கோடு போட்டால் சைக்கிள்காரர் அது தன் பாதை என்று வேகம் எடுப்பார்.

தளத்துக்கு எல்லோரும் பேவர் பிளாக் என்பார்கள். அடியில் மண்ணை நன்றாக இறுக்காமல் மணலைப் பரப்பிக் கல்லை அடுக்கினால் இரண்டு மழையில் அங்கங்கே இறங்கி, பாட்டிகள் தடுக்கி விழும் தளமாகிவிடும். அதுவும் வேலூர் வெயிலில் மதியம் மூன்று மணிக்கு அதன்மேல் கை வைத்துப் பாருங்கள், தெரியும். கரைக்குக் கிராவல் பரப்பி, ரோலர் ஓட்டி, மேலே கிரஷர் தூள் போட்டு நனைத்து இறுக்கினால் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் நன்றாக இருக்கும், மழைநீரும் ஓரளவு உள்ளே இறங்கும். ஆண்டுக்கொரு முறை தட்டிச் சீர்செய்ய வேண்டியிருக்கும், அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் உங்கள் நகரில் இருந்தால், பள்ளிவரை ஒரு மீட்டர் அகலத்துக்காவது கான்கிரீட் பட்டை கேளுங்கள். தெருவிலிருந்து கரைக்கு இறங்கும் இடத்தில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்பதைவிடச் செங்குத்தாகச் சாய்தளம் இருக்கக் கூடாது. கால்வாயின் மேல் கம்பி மூடி வந்தால், கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் போட்டால் சைக்கிள் டயர் அதற்குள் இறங்கிப் பிள்ளை தலைகுப்புற விழும்.

நிழல்தான் எனக்கு மிக முக்கியம். கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் நிழல் இல்லாத பாதை காலை எட்டரைக்கே காலியாகிவிடும். சத்துவாச்சாரிப் பக்கம் கானாறுகள் மலையிலிருந்து இறங்கிப் பாலாற்றை நோக்கிப் போவதால் கரை பெரும்பாலும் தெற்கு வடக்காகத்தான் ஓடும். அப்படியென்றால் மரம் பாதையின் மேற்குப் பக்கம் நிற்க வேண்டும். பள்ளி விடும் நேரத்து வெயில் மேற்கிலிருந்து அடிக்கிறது, நிழல் பாதைமேல் விழும். அழகுக்காக இரண்டு பக்கமும் அடுக்கத் தண்ணீர் போதாது என்றால் மேற்கு வரிசையை மட்டும் முதலில் வையுங்கள்.

புங்கனும் நீர்மருதும் நீரோடைக் கரையிலேயே தானாக வளர்பவை, வேர் கரையைப் பிடிக்கும். வெள்ளம் தொடாத மேட்டில் வேம்பு, பூவரசு, மகிழம். நாவல் நல்ல மரம், ஆனால் பழக் காலத்தில் பாதை வழுக்கும், பூங்காவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குல்மோகர் சீக்கிரம் வளரும், சீக்கிரம் முறியும். வெளிநாட்டு அழகு மரமான கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். இருக்கும் பனையைத் தொடாதீர்கள், ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது. ஆறேழு மீட்டருக்கு ஒன்றாக, மூன்றடி ஆழக் குழியில், உங்கள் தோளுயரம் வளர்ந்த கன்றாக வையுங்கள். முழங்கால் உயரக் கன்று ஆட்டுக்கு ஒரு வாய். செப்டம்பர் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை அதை நிலைக்க வைத்துவிடும். அடுத்த இரண்டு கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று பெயரோடு முடிவு செய்துகொண்டு, அந்தக் கணக்குக்கு எத்தனை கன்று தாங்குமோ அத்தனை மட்டும் நடுங்கள். ஐந்நூறு கன்று நட்டுப் படம் எடுத்து, அடுத்த சித்திரையில் ஐந்நூறு குச்சியைப் பார்ப்பது வேதனை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்குக் கம்பம் மரக்கிளைக்குக் கீழே ஒளி விழும் உயரத்தில் இருக்கட்டும். கிளைக்கு மேலே எரிகிற விளக்கு இலைக்குத்தான் வெளிச்சம் தரும், மாலை டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைக்கு இல்லை. பூங்காவுக்குப் பூட்டுப் போடும் வழக்கத்தை ஏற்காதீர்கள். உடற்பயிற்சிக் கருவி நான்கு வைப்பதற்குப் பதில் சாய்மானம் உள்ள பெஞ்சும், தண்ணீர் வரும் கழிப்பறையும் கேட்டால் பெண்களும் பெரியவர்களும் வருவார்கள்.

டூவீலர் புகுந்துவிடுமே என்பீர்கள். புகும். சைக்கிளையும் சக்கர நாற்காலியையும் விட்டு பைக்கை மட்டும் தடுக்கும் கம்பம் கிடையாது. 1.2 மீட்டர் இடைவெளியில் கம்பம் நட்டால் ஆட்டோ, கார், இடிபாடு கொட்ட வரும் டெம்போ நின்றுவிடும். உங்களுக்கு அதுவே பாதி வெற்றி. பைக்குக்கு நுழைவிலும் நடுவிலும் வளைவு வைத்து, பைக்கில் வேகம் எடுக்க முடியாமல் செய்யலாம். சைக்கிளைச் சிரமப்படுத்தும் இரும்புச் சுழல்கதவு மட்டும் வேண்டாம்.

மனு இரண்டாகப் பிரியட்டும். முதல் மனு மாநகராட்சி ஆணையருக்கு, நகல் மண்டல உதவி ஆணையருக்கும் கவுன்சிலருக்கும். அதில் வரைபடம், போட்டோ, சர்வே எண், அறுந்த இடங்கள் எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் (கிராம சபைபோல நகர மக்கள் கூடும் கூட்டம்) இதைப் படித்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள். நீர்வளத் துறை, வருவாய்த் துறைச் சான்று தேவைப்பட்டால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் அதே தாளைக் கொடுங்கள். அலுவலகம் உங்கள் சத்துவாச்சாரியிலேயே இருப்பது வசதி. இரண்டு துறைக்கும் மேலே இருந்து கையெழுத்துக் கேட்கக்கூடியவர் ஆட்சியர்தான். பணத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேளுங்கள், செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு திரட்டினால் மீதியை அரசு தரும். ஏதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியையும் அந்தப் பங்காகக் காட்டலாம்.

இரண்டாவது மனு, கரை வழி போய் முட்டும் நெடுஞ்சாலைக்கானது. அதை மாநகராட்சி தொட முடியாது, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இருக்கிறது. பாதசாரி கடக்கும் வசதி, சர்வீஸ் ரோட்டில் வேகத்தடை, இரவு விளக்கு ஆகிய மூன்றையும் கேட்டு, காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிய கணக்கை இணையுங்கள். நகலைப் போக்குவரத்துக் காவல் துறைக்கும் அனுப்புங்கள். பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.