இங்கிலீஷ்ல எழுதும்போது "இது ஜோக்"னு தெரிய "ஜோக்கிங்லி", "சர்காஸ்டிக்கலி"ன்னு அட்வெர்ப் சேர்த்தா போதுமா?

நீங்க கேள்வில குடுத்த உதாரணத்தையே எடுத்துக்கறேன். யூஎஸ் டீம் ராத்திரி பத்தரைக்கு கால் வெச்சாங்க, நீங்க கடுப்புல சாட்ல "ஐ லவ் திஸ் டைமிங்"னு போட்டீங்க, அந்தப் பக்கம் இருந்தவர் "சூப்பர், அப்ப எல்லா வாரமும் இதே டைம் வெச்சுக்கலாம்"னுட்டார். இனிமே "ஐ ஜோக்கிங்லி லவ் திஸ் டைமிங்"னு எழுதவான்னு கேக்கறீங்க. தயவுசெஞ்சு வேணாங்க.

நான் ஓஎம்ஆர்ல டாக்குமென்டேஷன் வேலை பாக்கறேன், மத்தவங்க எழுதற இங்கிலீஷ திருத்தறதுதான் பொழப்பு. அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, பொறுத்துக்கங்க.

"ஜோக்கிங்லி" வேற ஒருத்தர் பேசினத நாம எடுத்துச் சொல்றப்ப வர்ற வார்த்தை. "ஹி ஜோக்கிங்லி ஆஸ்க்டு ஃபார் எ ரைஸ்"னா சரி, அவர் விளையாட்டா சம்பள உயர்வு கேட்டார். அதையே நம்ம ஜோக்குக்கு நடுவுல நாமளே போட்டா, ஜோக் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே "சிரிங்கப்பா"ன்னு தோள்ல தட்டற மாதிரி ஆயிடும். "சர்காஸ்டிக்கலி"யும் இதே கதைதான். "ஃபெசீஷியஸ்லி"ன்னு இன்னொன்னு இருக்கு, விளையாட்டாங்கற அர்த்தம்தான், அதுல ஏ ஈ ஐ ஓ யூ அஞ்சும் அதே வரிசைல ஒரே ஒரு தடவை வந்து கடைசில ஒய்யும் வரும், எழுதிப் பாருங்க, க்விஸ்ல கேட்டா உதவும். ஆனா சாட்ல போட்டீங்கன்னா பாதிப்பேர் டிக்‌ஷனரி தேடப் போயிடுவாங்க.

இது உங்களுக்கு மட்டும் நடக்கற விஷயமும் இல்ல. 2005ல ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லின்னு உளவியல்காரங்க சிலர் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ஈமெயில்ல எழுதினது கிண்டலா சீரியஸான்னு படிக்கறவங்க கண்டுபிடிக்கணும், எழுதினவங்க என்னமோ நாலுல மூணு தடவையாவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நம்பினாங்க, கடைசில பாத்தா பாதியத் தாண்டவே முக்கிச்சு, அதாவது பூவா தலையா போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். எழுதறவன் தலைக்குள்ள அந்த ராகம் ஓடிட்டு இருக்கு, படிக்கறவனுக்கு வெறும் எழுத்துதான் போய்ச் சேருது. கார்னகி மெலன் யூனிவர்சிட்டில ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19ம் தேதி, ஜோக்குக்கு அடையாளமா கோலன், ஹைஃபன், பிராக்கெட் மூணையும் சேர்த்துப் போடுங்கன்னு சொன்னதும் இந்தத் தலைவலியாலதான், நம்ம ஸ்மைலி பொறந்த கதை அது.

சரி, அட்வெர்ப் உதவவே உதவாதான்னா, நல்லாவே உதவும். ஆனா "நான் ஜோக்"னு சட்டைல எழுதி ஒட்டிக்கிட்டு வர்ற அட்வெர்ப் உதவாது, மூஞ்சிய ரொம்ப சீரியஸா வெச்சுக்கிட்டு நிக்கற அட்வெர்ப் வேணும்.

எனக்குப் பிடிச்சது "அலெஜட்லி". பேப்பர்ல குற்றச் செய்தி எழுதறவங்க, நாளைக்கு கேஸ் வந்துடக் கூடாதுன்னு போடற வார்த்தை, குற்றம் இன்னும் நிரூபணம் ஆகல, சொல்றாங்க அவ்ளோதான்னு அர்த்தம். அவ்ளோ கோர்ட்டு வாடை அடிக்கற வார்த்தைய எங்க ஆபீஸ் லிஃப்டுக்குப் போடும்போதுதான் சிரிப்பு வருது. எங்க அட்மின் அக்கா ஒரு நாள் க்ரூப்ல போட்டாங்க: "தி லிஃப்ட் ஈஸ் ஃபிக்ஸ்டு, அலெஜட்லி." மொத்த ஃப்ளோரும் சிரிச்சுச்சு, யாரும் லிஃப்ட்ல ஏறல. நாம தமிழ்ல "லிஃப்ட் சரியாயிடுச்சாம்"னு ஒரு "ஆம்" வெச்சு முடிக்கறோம் பாருங்க, கிட்டத்தட்ட அந்த வேலைய இது செய்யுது.

அதுல கவனிக்க வேண்டியது எடம். நடுவுல "தி லிஃப்ட் ஹேஸ் அலெஜட்லி பீன் ஃபிக்ஸ்டு"ன்னு எழுதியிருந்தா அது நியூஸ் மாதிரி இருக்கும், ரிப்பேர் பண்ண ஆள் மேல புகார் சொல்றாங்களோன்னுகூட தோணும். கடைசில, ஒரு கமா போட்டு, தனியா விட்டதுலதான் விஷயம் இருக்கு. அந்தக் கமாதான் நாம நேர்ல பேசும்போது விடற கேப். மேடைல நல்லா மிமிக்ரி பண்றவங்க எல்லாம் அந்த கேப்லதான் கைதட்டு வாங்கறாங்க.

ஆனா மனுஷங்க மேல இத வெக்காதீங்க. "ஹி ஈஸ் சிக், அலெஜட்லி"ன்னு டீம்மேட்டப் பத்தி எழுதினா அவர் பொய் லீவுன்னு நீங்க சொன்னதா அர்த்தம். லிஃப்ட், வைஃபை, காபி மெஷின், இதுங்க ஹெச்ஆர்ட்ட போகாது.

அடுத்த வகை, சின்ன விஷயத்துக்குப் பெரிய அட்வெர்ப். "ஐ ஹீரோயிக்கலி ஃபினிஷ்டு தி செகண்ட் போண்டா." ரெண்டாவது போண்டாவ வீரத்தோட தின்னு முடிச்சேன்னு. யாரும் இத தப்பா எடுத்துக்க வழியே இல்ல, அளவு பொருந்தாததே காட்டிக் குடுத்துடும். அதையே தலைகீழாவும் பண்ணலாம், பெரிய நாசத்துக்குச் சின்ன அட்வெர்ப்: "தி டேட்டாபேஸ் ஈஸ் ஸ்லைட்லி டெலீட்டட்." கொஞ்சமா டெலீட் ஆகறதுன்னு ஒன்னு கிடையாது, அதனால சிரிப்பு. இது பிரிட்டிஷ்காரங்க ஸ்டைல், அவங்க நல்லா ரசிப்பாங்க. அமெரிக்காக்காரங்க சில பேர் "ஸ்லைட்லின்னா எத்தன டேபிள்?"னு கேப்பாங்க, அதுவும் அவங்க தப்பில்ல, நிஜமாவே டேட்டா போயிருந்தா யாருக்குங்க சிரிப்பு வரும்.

அட்வெர்பே ஜோக்கா இருக்கற வகையும் ஒன்னு உண்டு, டாம் ஸ்விஃப்டின்னு பேர். 1910ல ஆரம்பிச்ச டாம் ஸ்விஃப்ட்னு சிறுவர் கதை வரிசை, அதுல யாராவது பேசினா சும்மா "செட்"னு, அதாவது சொன்னான்னு மட்டும் எழுத மாட்டாங்களாம், கூடவே "லி"ல முடியற ஒரு அட்வெர்ப் வந்து ஒட்டிக்கும். அத நக்கல் பண்ணி வந்ததுதான் இது. "'தேர் ஈஸ் எ பவர் கட்,' டாம் செட் டிலைட்டட்லி." டிலைட்டட்லின்னா சந்தோஷமா, ஆனா பிச்சுப் பாத்தா டி-லைட், அதாவது லைட்டு போயிடுச்சு. நம்ம ஊர் மே மாசத்துல கரண்ட் போறப்ப சந்தோஷமா பேசறவன் எவன்னு கேக்காதீங்க. அறுவை ஜோக்தான், ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்ல போட்டு அடி வாங்கிக்கலாம், வேலை சாட்டுக்கு ஆகாது.

தொடக் கூடாதது "ஆப்வியஸ்லி", "க்ளியர்லி", "ஆனஸ்ட்லி". நீங்க கண்ணடிச்சுக்கிட்டே எழுதினாலும் "இதுகூட தெரியலையா உனக்கு"ன்னுதான் போய்ச் சேரும். எங்க டீம் தம்பி ஒருத்தன் விளையாட்டா "ஆப்வியஸ்லி யூ ரெட் தி டாக்குமென்ட்"னு க்ளையன்டுக்கு எழுதி வெச்சிருந்தான், அனுப்பறதுக்கு முன்னாடி என் கண்ல பட்டுச்சு, அந்த முதல் வார்த்தைய மட்டும் எடுக்கச் சொன்னேன், எடுத்தும் உறுத்துச்சு, அந்த வரியவே தூக்கிட்டோம்.

உங்க பத்தரை மணி காலுக்கு வரேன். "ஐ வில் பி ஆன் தி கால், தியரிட்டிக்கலி அவேக்." காலுக்கு வந்துடுவேன், கோட்பாட்டளவுல முழிச்சிருப்பேன்னு. கிண்டல் உங்க மேலயே விழுது, அவங்களுக்குக் கோவம் வராது, நேரம் கஷ்டமா இருக்குங்கற சேதியும் போயிடுது. கூடவே ஒரு ஸ்மைலி போட்டாலும் குறைஞ்சு போயிட மாட்டீங்க. ஆனா டைம மாத்தணும்னு நிஜமாவே நெனச்சா, ஜோக்க விட்டுட்டு "கேன் வி டூ எய்ட் பிஎம் ஐஎஸ்டி?"ன்னு நேரா கேட்டுடுங்க, அவங்களுக்கு அது காலை நேரம்தான், பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.