வாசகர் கேள்வி-பதில்: 'ரெடர்' என்றால் அடர்த்தியா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'இன்னும் சிவப்பு' என்பதற்கு என் மகள் 'மோர் ரெட்' என்று எழுதியதைத் தவறு என்று அடித்துவிட்டார்கள். 'மோர் ஆரஞ்ச்' மட்டும் எப்படிச் சரி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அசையை எண்ணிப் பாருங்கள். ரெட், புளூ, கிரீன், பிளாக், வைட், பிரவுன், பிங்க், கிரே ஆகியவை ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள். இவற்றின் வாலில் 'இஆர்', 'இஎஸ்டி' ஒட்டும்: கிரீனர், கிரீனஸ்ட். ஆரஞ்ச், பர்ப்பிள், வயலட், மெரூன் போன்ற நீண்ட சொற்களுக்கு முன்னால் மோர், மோஸ்ட் போடுவதே வழக்கம். யெல்லோ மட்டும் இரண்டு பக்கமும் சாயும். யெல்லோவர் என்றாலும் சரி, மோர் யெல்லோ என்றாலும் சரி.

மதிப்பெண் போவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில்தான். ரெட் என்பதில் ஓர் உயிரெழுத்து, அடுத்து ஒரே மெய். ஆகவே 'டி' இரட்டிக்கும்: ஆர்-இ-டி-டி-இ-ஆர். கிரீனில் உயிரெழுத்து இரண்டு என்பதால் 'என்' இரட்டிக்காது. பிரவுன் 'டபிள்யூ-என்' என்று முடிவதால் அதிலும் இரட்டிப்பு இல்லை. வைட், புளூ இரண்டும் ஏற்கெனவே 'இ'யில் முடிகின்றன. 'ஆர்' அல்லது 'எஸ்டி' சேர்த்தால் போதும். கிரேயில் கடைசி 'ஒய்' அப்படியே நிற்கும். டிரை என்ற சொல்லைப் போல அது 'ஐ' ஆக மாறாது, ஏனென்றால் அதற்கு முன்னால் இருப்பது உயிரெழுத்து.

கேள்வி: வெளிநாட்டு பையர் எங்கள் நேவி புளூ லேப் டிப்பை (ஒப்புதலுக்காகச் சாயமிட்டு அனுப்பும் மாதிரித் துணி) அவர் கேட்ட நிறமான ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'சாம்பிள் இஸ் ரெடர் தன் ஸ்டாண்டர்ட்' என்று எழுதியிருக்கிறார். நீலத் துணி எப்படிச் சிவப்பாகும்? டார்க் ஆகிவிட்டது என்கிறாரா?
- மெர்ச்சண்டைசர், திருப்பூர்

பதில்: இல்லை. அப்படி எடுத்துக்கொண்டு மொத்த சாயத்தையும் குறைத்தால், அடுத்த சாம்பிள் வெளுத்து வரும். குறை மட்டும் அப்படியே இருக்கும். நிறத்தோடு 'இஆர்' சேர்ந்தால் 'அந்த நிறத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது' என்று பொருள். உங்கள் நேவி நீலம்தான், ஆனால் ஸ்டாண்டர்டைவிடக் கொஞ்சம் ஊதாப் பக்கம் போயிருக்கிறது. ரெசிபியில் சிவப்புச் சாயத்தின் பங்கைக் குறைக்க வேண்டும்.

ஷேட் பேச்சில் இந்தச் சாய்வுக்குத் திசைகள் நான்கு: ரெடர், கிரீனர், யெல்லோவர், புளூயர். நிறத்தை எண்களால் குறிக்க 1976இல் வகுக்கப்பட்ட சீலேப் அளவையிலும் இதே கணக்குதான். 'ஏ' வித்தியாசம் பிளஸ் என்றால் ரெடர், மைனஸ் என்றால் கிரீனர். 'பி' பிளஸ் என்றால் யெல்லோவர், மைனஸ் என்றால் புளூயர். அடர்த்தியைச் சொல்வது 'எல்': பிளஸ் லைட்டர், மைனஸ் டார்க்கர். பையர் அடர்த்தியைக் குறை சொல்ல நினைத்திருந்தால் டார்க்கர் அல்லது டீப்பர் என்றுதான் எழுதியிருப்பார்.

இன்னொரு இடத்திலும் வழுக்கும். 'சாம்பிள் இஸ் ரெடர்' என்றால் சிவப்பு கூடிவிட்டது, குறை. 'மேக் இட் ரெடர்' என்றால் சிவப்பு போதவில்லை, கூட்டு. நிறச் சொல் ஒன்றுதான். செய்ய வேண்டியதோ நேர் எதிர். வினைச்சொல்லைப் பார்க்காமல் டையிங் (சாயமிடும்) பிரிவுக்கு மெயிலை அப்படியே தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: 'கூடுதல் கரும்பச்சை' என்பதை 'மோர் டார்க் கிரீன்' எனலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். ஏறி இறங்குவது டார்க்தான், கிரீன் அல்ல. 'எ டார்க்கர் கிரீன்', 'தி டார்க்கஸ்ட் கிரீன்' என்று எழுதுங்கள். லைட், பேல், டீப், பிரைட் எல்லாவற்றுக்கும் இதே வழி.

கேள்வி: 'அவள் என்னைவிடச் சிவப்பு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?
- கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: 'ஷி இஸ் ரெடர் தன் மீ' என்றால், வெயிலிலோ கோபத்திலோ முகம் சிவந்திருக்கிறது என்றுதான் கேட்பவர் நினைப்பார். வைட்டர், பிளாக்கர் இரண்டையும் மனிதர்மேல் போடாதீர்கள். வைட், பிளாக் என்பவை அங்கே இனத்தைக் குறிக்கும் சொற்கள். நம் ஊரில் ஃபேரர் என்றால் புரியும். பிரிட்டனில் ஃபேர் என்பது வெளிர் நிறத் தலைமுடியையும் குறிக்கும் என்பதால் 'ஹர் ஸ்கின் இஸ் லைட்டர் தன் மைன்' என்பது தெளிவு. கடைசிச் சொல் மைன், மீ அல்ல. தோலைத் தோலோடுதானே ஒப்பிடுகிறோம்! (ஒப்பிடாமலே இருந்துவிட்டால் இலக்கணத் தொல்லையே இல்லை.)

கேள்வி: 'வெரி ரெடர்', 'மோர் ரெடர்' சரியா?
- வாசகர், சேலம்

பதில்: இரண்டும் தவறு. அழுத்தம் வேண்டுமானால் 'மச் ரெடர்', 'ஃபார் ரெடர்'. லேசான வித்தியாசத்துக்கு 'ஸ்லைட்லி ரெடர்'. ரெடஸ்டுக்கு முன்னால் 'தி' மறக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஓரசை நிறத்தோடு 'மோர்' வரவே வராதா?
- ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: வரும். ஒரே பொருளில் இரண்டு நிறங்களை எடை போடும்போது 'மோர்'தான் வர வேண்டும். பலமுறை துவைத்த பள்ளிச் சட்டையைக் காட்டி, 'இது வெள்ளை என்பதைவிடச் சாம்பல் என்பதே பொருத்தம்' என்று சொல்ல 'இட் இஸ் மோர் கிரே தன் வைட்'. இங்கே 'கிரேயர் தன் வைட்' என்பது பிழை. அதே சட்டையை இன்னொரு சட்டையோடு ஒப்பிட்டால் பழையபடி 'கிரேயர் தன் தட் ஒன்'.