விலையைப் பார்க்கும் முன் பதிப்புப் பக்கத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்விகள், இந்த மாதப் பதில்கள்

கேள்வி: மற்றவர்களுக்கெல்லாம் புத்தகம் சொல்கிறீர்கள். சென்ற மாதம் நீங்கள் வாங்கியவை எவை? அவற்றில் படித்து முடித்தவை எவை?
– திருப்பரங்குன்றம் வாசகர் ஒருவர்

பதில்: நான்கு நூல்கள் வாங்கினேன் ஐயா. நான்கும் மதுரையையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டியவை. தெரிந்தேதான் அப்படி வாங்கினேன். ஒரு மாதத்துக்கு ஒரு நிலம் என்று வைத்துக்கொண்டு படிப்பது என் நெடுநாள் பழக்கம். ஒரு நூலில் வந்த தெருவே அடுத்த நூலிலும் வரும்போது இரண்டும் மறக்காமல் நிற்கின்றன.

முதலாவது பத்துப்பாட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு. உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தது. மறு அச்சு இன்றும் கிடைக்கிறது. அதில் மதுரைக்காஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டேன். 782 அடி. பத்துப் பாட்டுகளில் நீளமானது இதுதான். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துச்சொல்ல வந்த மாங்குடி மருதனார், அதற்காகவே ஊரின் ஒரு முழு நாளைக் கண்முன் விரிக்கிறார். பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி, பிறகு இரவின் யாமங்கள், கடைசியில் விடியல். நள்ளிரவை நெருங்கும்போது மோதகமும் அடையும் விற்கும் கூவியர் தம் பண்டங்களின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார்கள். தூங்கா நகரம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிற ஊரில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் உழைத்துக் களைத்து அயர்ந்தவர்களைக் கவனித்து எழுதி வைத்த புலவர் அவர். இந்த இடத்தைப் படித்த அன்று அதற்கு மேல் போக எனக்கு மனம் வரவில்லை.

கோட்டை வாயிலை ‘வையை அன்ன வழக்குடை வாயில்’ என்கிறார். வையை ஓயாமல் ஓடுவதுபோல மக்கள் ஓயாமல் போய்வரும் வாயில். ஆற்றில் தண்ணீர் வருவதே செய்தியாகிவிட்ட இந்தக் காலத்தில், யானைக்கல் பாலத்தில் நின்று இந்த அடியை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் சொல்லை எடுத்து எங்கோ கொண்டுபோய்ப் பொருத்துவார். அதனால் வேகமாகப் படிக்க முடியாது. இரவுக்கு இருபது, முப்பது அடி என்று போகிறேன். பாதியைத் தாண்டியிருக்கிறேன்.

இரண்டாவது, தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’. இது அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் நூலாக வெளியிட்டது. என்னிடம் இருந்த பழைய பிரதியை ஒரு மாணவிக்குக் கொடுத்துவிட்டதால் மறுபடியும் வாங்கினேன், மறுபடியும் முழுக்கப் படித்தேன். ஆய்வேடு என்றதும் யாரும் தயங்க வேண்டாம். மலையடிவாரத்து வைணவக் கோயில் ஒன்று, சுற்றியுள்ள நாட்டு மக்களோடு எப்படி உறவு கொண்டது, பெருமாள் ஏன் கள்ளர் கோலத்தில் ஆற்றுக்கு வருகிறார், காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பு அங்கே எப்படி நிற்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. திரியெடுத்து ஆடுவோர், துருத்தி நீர் தெளிப்போர், வர்ணிப்புப் பாடுவோர் ஆகிய எளிய அடியார்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதிய நூல்.

என் பெரியப்பா சித்திரைத் திருவிழாவுக்கு விரதமிருந்து, தோல் துருத்தியில் நீர் நிறைத்துக்கொண்டு அழகரை எதிர்கொள்ளப் போவார். வீட்டில் அதை ஒரு வேண்டுதல் என்று மட்டும்தான் சொல்வார்கள். அவர் எழுத்தறியாதவர். அவர் தோளில் தொங்கிய துருத்திக்கு ஒரு பல்கலைக்கழக நூலில் இடமுண்டு என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட நன்றியுணர்ச்சி இன்னும் குறையவில்லை. மதுரைக்காரர் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்த நூல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது, பி.ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. வத்தலக்குண்டில் பிறந்தவர், எழுதத் தொடங்கியபோது வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது, 1898இல் இறந்துபோனார். மதுரை ஜில்லாவின் சிறுகுளம் என்ற ஊரில் நடக்கும் கதை. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார் வரும் பக்கங்களை என் மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பின்பாதியில் கதை வேதாந்தத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது, அங்கே என் கவனம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் முடித்தேன்.

நான்காவது, பெரிய எழுத்து ‘அல்லி அரசாணி மாலை’. புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபின் அங்கே போய் வாங்கினேன். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதைப்பாட்டு. மதுரையை ஆண்ட அல்லியின் கதை. அடுத்த மாதம் அதைத்தான் தொடங்கப் போகிறேன்.

கேள்வி: தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் அதைப்போல இரண்டு மடங்கு. குறைந்த விலையில் வாங்கினேன். என் மகள் ஏமாந்துவிட்டீர்கள் என்கிறாள். ஏமாந்துவிட்டேனா?
– மேலூர் ஆசிரியை ஒருவர்

பதில்: பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் அம்மா. நீங்களே வீட்டில் பார்க்கலாம்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்துவிடுகிறது. அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இது நல்ல ஏற்பாடு, ஏழை வீட்டுக்கும் புத்தகம் போய்ச் சேர்கிறது. ஆனால் யார் வேண்டுமானாலும் என்றால், மெய்ப்புப் பார்க்காதவர்களும் அச்சிடலாம் என்றாகிறது. மதுரை அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, இன்று விற்பனையில் இருக்கும் சில பதிப்புகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் நிற்கிறது. பழைய பக்கத்தைக் கணினிக்குக் கொடுத்து எழுத்தாக மாற்றி, மனிதக் கண் படாமலே அச்சுக்கு அனுப்பியதன் அடையாளம் அது. ஒற்றுகள் காணாமல் போகின்றன, உரையாடல் யாருடையது என்று தெரியாதபடி பத்திகள் ஒட்டிக்கொள்கின்றன. பிள்ளைகள் அதைத்தான் தமிழ் என்று நினைத்துப் படிக்கிறார்கள். இதைச் சிறிய குறை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

உங்கள் பிரதியை எடுத்து முதலில் பதிப்புப் பக்கத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு ஆண்டு, இந்தப் பதிப்பின் ஆண்டு, பதிப்பித்தவர் பெயர், எந்த மூலத்தைப் பார்த்து அச்சிட்டார்கள் என்ற குறிப்பு இவையெல்லாம் இருந்தால், பொறுப்பான ஒருவர் அதைத் தொட்டிருக்கிறார் என்று பொருள். வெறும் முகவரியும் விலையும் மட்டும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அடுத்து அத்தியாயங்களை எண்ணுங்கள். பொன்னியின் செல்வனுக்கு முதல் பாகத்தில் 57, இரண்டாவதில் 53, மூன்றாவதிலும் நான்காவதிலும் 46, ஐந்தாவதில் 91, ஆக மொத்தம் 293. குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. பிறகு நடுவில் ஏதாவது இரண்டு பக்கத்தை மெதுவாகப் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் திருத்திவிடுவார்கள். நடுப்பக்கம்தான் உண்மையைச் சொல்லும்.

கட்டமைப்பும் முக்கியம். முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். அச்சிட்ட பெரிய தாள்களைப் பாரம் பாரமாக மடித்து நூலால் தைத்திருந்தால் மடிப்புகள் வரிசையாகத் தெரியும். தைக்காமல் பசை மட்டும் போட்டு ஒட்டியிருந்தால், தடிமனான புத்தகம் நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளில் நடுவே பிளந்து தாள்கள் கையோடு வரும். ஐந்து பாக நாவலை வீட்டில் மூன்று பேர் படிப்பதானால் தையல் போட்டதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

நல்ல பதிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கதை எந்த இதழில் எப்போது வந்தது, பாடம் (கதையின் வாசகம்) எங்கே வேறுபடுகிறது என்றெல்லாம் சொல்லியிருக்கும். எழுத்தாளர் மறைந்த பிறகு அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுதான். உங்கள் பிரதியில் 293 அத்தியாயமும் இருந்து, நடுப்பக்கமும் சுத்தமாக இருந்தால், ஏமாறவில்லை என்று மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் நண்பன் மாதம் பத்துப் புத்தகம் படித்துப் பட்டியல் போடுகிறான். எனக்கு இரண்டு முடிப்பதே பெரும்பாடு. எப்படி வேகத்தைக் கூட்டுவது?
– திருமங்கலம் வாசகர்

பதில்: கூட்ட வேண்டாம். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஒரே மாலையில் முடிந்துவிடும், சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். பட்டியலில் இரண்டும் ஒவ்வோர் எண்தான். வாடிவாசலைக்கூட ஒரு மாலையில் விட்டுவிடாதீர்கள். பிச்சி காரிக் காளையின் முன்னால் நிற்கும் பக்கங்களை இரண்டாம் முறை படியுங்கள். மாட்டின் அசைவு, மனிதனின் அசைவு, ஜமீன்தாரின் முகம் மூன்றையும் செல்லப்பா எப்படி மாற்றி மாற்றிக் காட்டுகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். புத்தகம் வாங்கப் பணமில்லை. பழைய நூல்களை எங்கே படிப்பது?
– அனுப்பானடி மாணவர்

பதில்: தம்பி, சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்கலாம். நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் செலவில்லாமல் படிக்கலாம். அங்கே பழைய பதிப்புகளின் பக்கங்கள் படமாகவே கிடைக்கின்றன. மலிவுப் பதிப்பு ஒன்றில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய ஊர் இது. பணமில்லாத மாணவனுக்கும் பழைய நூல் கைக்கு எட்ட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. இரண்டு பீரோ நிறையப் புத்தகங்கள், இதழ்களிலிருந்து கிழித்து பைண்ட் செய்த தொடர்கதைகள். ஒவ்வொன்றிலும் வாங்கிய தேதியும் விலையும் எழுதியிருக்கிறார். வீடு மாறுகிறோம், பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?
– சோழவந்தான் வாசகி

பதில்: எடைக்குப் போடாதீர்கள் அம்மா. வீட்டிலுள்ளவர்களிடம் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள்.

அந்த பைண்ட் தொகுப்புகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள். வாராவாரம் இதழ் வாங்கி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்து அட்டை போடுவது நம் வீடுகளில் ஒரு தலைமுறை முழுவதும் இருந்த வழக்கம். நூலாக வந்தபோது விட்டுப்போன ஓவியங்களும் வாராந்தரக் குறிப்புகளும் அவற்றில் இருக்கும். பொன்னியின் செல்வன் ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு ஒரு தொகுப்பு உங்கள் அப்பாவிடம் இருந்தால், அது விலை பேசக்கூடிய பொருளே இல்லை. மேலட்டையும் விளம்பரப் பக்கங்களும் சேர்ந்திருந்தால் அவற்றையும் பிரிக்காதீர்கள்.

பிறகு ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு. இவற்றோடு அப்பா எழுதிய தேதியையும் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்து மனிதர் எந்த ஆண்டில் என்ன விலை கொடுத்து எதைப் படித்தார் என்பது, வாசிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்குப் பெரிய ஆவணம். சிவகங்கைச் சீமைக் கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா இப்படித் தேடித் தேடிச் சேர்த்தவைதான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் சேர்த்தவற்றில் துண்டு வெளியீடுகளும் நாடக நோட்டீஸுகளும் உண்டு. யாரோ ஒருவர் வீட்டில் எறியாமல் வைத்திருந்ததால்தான் அவை அவர் கைக்கு வந்தன.

வீடு மாறும்வரை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அட்டைப் பெட்டியில், கிடத்தி அடுக்கி, சுவரை ஒட்டாமல், தரையில் மரப்பலகை போட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடலாம். பச்சை இலையைப் போட்டால் ஈரம் சேரும். கரையான் மண் எங்காவது தெரிந்தால் அந்தப் பெட்டியை உடனே பிரித்து மற்றவற்றிலிருந்து விலக்குங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ள முடியாது, அது தெரியும். அப்பா ஓரங்களில் குறிப்பு எழுதியவை, கோடிட்டுப் படித்தவை, இவற்றில் உங்களுக்கு விருப்பமான ஒரு தட்டு அளவுக்கு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றின் பட்டியல் தயாரானதும் இந்தப் பகுதிக்கு ஒரு படி அனுப்புங்கள். எதை ஆய்வு நூலகத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம், எதைச் சோழவந்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று சேர்ந்து பார்த்துப் பிரிப்போம்.