ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்குத் தரவுப் பாதுகாப்பு எதற்கு?

கேள்வி: தரவுக் கசிவு, ஹேக்கிங் என்று நாள்தோறும் ஏதாவது செய்தி வருகிறது. ஒளிப்பதற்கு எதுவுமில்லாத சாதாரண மக்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நான் ஹட்டனில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். இலங்கைக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்வதானால், ஒரு காலத்தில் தொலைபேசி அழைப்பு எடுத்துக்கொடுத்த கடைகளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. இன்று அங்கே நடப்பது போட்டோக் கொப்பி, லெமினேட்டிங், விண்ணப்பம் நிரப்புதல், தொலைபேசிக்கு ரீலோட் போடுதல் ஆகியவைதான். சொந்தக் கடை போடுவதற்கு முன்னர் இன்னொருவர் கடையில் சில ஆண்டுகள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாதுகாப்பு நிபுணன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவனுக்கு இரகசியம் என்பதே பழக்கமில்லாத பொருள். யாருக்கு இந்த மாதம் எத்தனை பேர் (வேலை நாள்) விழுந்தது, யார் வீட்டில் கடன், யார் மகள் யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரியும். ஆனால் தரவுப் பாதுகாப்பு என்பது இரகசியத்தைப் பற்றியது மட்டும் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. நான் இல்லாத இடத்தில், என் பெயரைச் சொல்லிக்கொண்டு, இன்னொருவர் எனக்குரியதை வாங்கிக்கொண்டு போக முடியுமா என்பதே என்னைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, கியூஆர் குறியீட்டின்படி வாராந்தப் பங்கு கொடுக்கும் முறையை அரசாங்கம் கொண்டுவந்தது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செஸி (வாகன அடிச்சட்டம்) இலக்கம் எல்லாவற்றையும் போட்டுப் பதிந்தால் தொலைபேசிக்கு ஓடிபி வரும். அதைக் கொடுத்தால் குறியீடு கிடைக்கும். நான் வேலை பார்த்த கடைக்கு முன்னால் மழையில் குடை பிடித்தபடி வரிசை நின்றது. ஒவ்வொருவரும் தமக்கு வந்த இலக்கத்தை வரிசை முழுவதற்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்கள், நான் தட்டினேன். குறியீட்டை அச்சிட்டு, லெமினேட் செய்து கொடுத்தோம். ஓட்டோக்காரர்கள் பலர் அதை முன் கண்ணாடியில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து டிக்கோயாப் பக்கத்து ஓட்டோக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான் ஒதுக்கியிருந்த நேரம். இரவு முழுவதும் வரிசையில் கிடந்து காலையில் பம்பை அடைந்தபோது, அவருடைய பங்கு ஏற்கெனவே அடிக்கப்பட்டுவிட்டதாகக் கருவி காட்டியிருக்கிறது. லெமினேட் செய்த அட்டையை என் மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்டது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது: "தம்பி, கார்டு என் கையிலதானே இருக்கு, பெட்ரோல் மட்டும் எப்படிப் போச்சு?" ஸ்டாண்டில் வண்டி நின்றபோது யாரோ அதைப் படம் பிடித்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது வெறும் இலக்கங்கள். அச்சிட்ட அட்டைக்கும் அதைப் பிடித்த படத்துக்கும் உள்ள வித்தியாசம் கருவிக்குத் தெரியாது. அவரிடமும் ஒளிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

அடையாள அட்டையும் அதே வகைதான். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களை வாசிக்கத் தெரிந்தால், முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 75532 என்று தொடங்கினால் 1975 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண் என்று படிக்கலாம். 2016 முதல் வரும் பன்னிரண்டு இலக்கங்களிலும் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்து, பின்னால் வரும் தொடர் இலக்கமும் ஒன்று நீண்டதே தவிர முறை மாறவில்லை. ஆக, அட்டையின் ஒரு பிரதி வெளியே போனால் பெயரும் முகவரியும் மட்டுமன்றி, பலர் ஏடிஎம்முக்கு இரகசிய இலக்கமாக வைத்திருக்கும் பிறந்த திகதியும் சேர்ந்தே போகிறது.

கடதாசியின் அருமை எங்கள் மக்களுக்குத் தெரியாததல்ல. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத்தாரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியிருந்தவர்களின் சிக்கல் பெருமளவில் தீர இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் என் தாத்தா வீட்டுப் பத்திரங்களை டிரங்குப் பெட்டியின் அடியில், பாட்டியின் கூறைச் சேலைக்குக் கீழே, பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்தார். எங்களுக்கு அதைத் தொடவே அனுமதி இல்லை.

அப்படிக் காத்த கடதாசியின் படம் கடைக் கணினியில் கிடக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த கடையில் வாடிக்கையாளர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களைத் தரவிறக்கி அச்சிடுவோம். அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஒருநாள் ஏதோ ஒன்றைத் தேடி டவுன்லோட்ஸ் கோப்புறையைக் கீழே உருட்டிக்கொண்டு போனபோது, நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்த அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தன. நடுவில் என் மாமியின் அட்டை இருந்தது. அந்தக் கணினிக்குக் கடவுச்சொல் கிடையாது. பக்கத்துக் கடைப் பையன்கள் வந்து அதில் கேம் விளையாடுவார்கள். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன் என்பதால் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தக் கோப்புறையை நாங்கள் கடைசிவரை சுத்தம் செய்யவில்லை, வேறு யாரோ செய்தார்கள். ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுக்காமல் இயக்குவதற்காக முதலாளி எங்கிருந்தோ ஒரு கிராக் (மென்பொருளின் உரிமப் பூட்டை உடைக்கும் நிரல்) எடுத்துப் போட்டார். மறுநாள் காலையில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் பொருளில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒரு குறிப்பும் இருந்தது: பூட்டிய கோப்புகளைத் திறக்கும் திறவுகோலின் விலை 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490. கல்யாண ஆல்பங்கள் மூன்று போயின, பல்கலைக்கழக மாணவி ஒருவருடைய ஆய்வுக் கட்டுரை போயிற்று. அந்தப் பிள்ளை கடை வாசலில் அழுததைப் பார்த்த பிறகு கிராக் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

படித்தவர்கள் இருக்கும் இடத்தில் இப்படி நடக்காது என்று அப்போது நினைத்தேன். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைச் சேவை இதே வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்த மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கு அதே ஆண்டு ஏப்ரலிலேயே ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது, நிறுத்தப்பட்டிருந்தது. இந்தச் செய்தியைப் பலர் ஹேக்கர்களின் சாமர்த்தியமாகப் படித்தார்கள். எனக்கோ எங்கள் கடையின் கதையைப் பெரிய கட்டடத்தில் பார்த்ததுபோல் இருந்தது. திருடு போவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். இல்லாமல் போவதும் அதே அளவு நட்டம்.

நான் என்ன செய்கிறேன் என்ற இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கடைக் கோப்புகளை வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, வயரைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். கழற்றுவதுதான் முக்கியம், பொருத்தியபடியே இருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது என் இரண்டு கணினிகளில் ஒன்று பழையது என்பதால் 11ஐ ஏற்கவில்லை. அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். யுனிக்கோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வரும் ஆசிரியர்களுக்கு மட்டும் இன்னும் விண்டோஸ் கணினிதான். (யுனிக்கோடுக்கு மாறுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.)

வட்ஸ்அப்பில் இரண்டு படிநிலைச் சரிபார்ப்பை இயக்கி ஆறிலக்க பின் ஒன்று போட்டு வையுங்கள் என்பதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்ற செய்திக்கு ஏமாந்து கணக்கை இழந்தவர்கள் வாரத்துக்கு ஒருவராவது கடைக்கு வருகிறார்கள். அதற்குள் அவர்கள் பெயரில் அண்ணன் தம்பிமாருக்கெல்லாம் அவசரமாகக் காசு கேட்டுச் செய்தி போய்விட்டிருக்கும்.

கடவுச்சொல் விடயத்தில் என் கருத்தைச் சிலர் ஏற்கமாட்டார்கள். நான் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் பிட்வார்டன் செயலியைப் பயன்படுத்துகிறேன், ஆனால் அறுபது வயது அம்மாவிடம் அதைச் சொல்வதில்லை. வேறு வேறு நீளமான சொற்களாக ஒரு கொப்பியில் எழுதி, அந்த டிரங்குப் பெட்டியிலேயே வையுங்கள் என்கிறேன். எல்லாவற்றுக்கும் பேரப்பிள்ளையின் பெயரையும் 123ஐயும் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். வேறு நாட்டில் இருக்கும் திருடன் லயத்துப் பெட்டியைத் திறக்க வரப்போவதில்லை. மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனமே 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில் அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தகவலைப் பெற்றோமோ அதற்குத் தேவைப்படும் காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். எங்கள் தெருவில் அதைக் கேள்விப்பட்ட ஒரு கடைக்காரரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

சட்டத்தை வாசித்த நாளிலிருந்து, அச்சிட்டு முடிந்ததும் வாடிக்கையாளரின் கண்முன்னாலேயே படத்தை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்து காட்டுகிறேன். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பாட்டி மட்டும் கவனித்தார். "பாத்துக்கங்கம்மா, அழிச்சிட்டேன்" என்று நான் பெருமையாகச் சொன்னதும் அவர் பதறிப்போனார். "ஐயோ, ஏன் தம்பி அழிச்சீங்க? போன மழைக்குக் கூரை ஒழுகிப் பெட்டியில இருந்ததெல்லாம் ஊறிப்போச்சு. ஒங்ககிட்ட இருக்குங்கிற தைரியத்துலதானே இருந்தேன்."

அவர் பையிலிருந்த எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்து, இரண்டு பிரதிகளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். படங்களை அவருடைய சம்மதத்தோடு பூட்டிய கோப்புறை ஒன்றில் வைத்திருக்கிறேன். என் கடையில் நான் அழிக்காமல் வைத்திருப்பவை அவை மட்டும்தான். மாதக் கடைசியில் கிளினிக்குக்கு வரும்போது கடை வாசலில் நின்று, "இருக்குதானே தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறப் போவார்.