தோப்புக்கும் லடாக்குக்கும் ஒரே பிக்கப்: எதை வாங்குவது, எதை மாற்றுவது

கேள்வி: கோவையில் குடியிருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு இருப்பதால் வாரத்தில் ஐந்து நாள் போய்வர வேண்டும். உரமூட்டை, மோட்டார், குழாய் என்று ஏதாவது ஒன்று வண்டியில் ஏறும். மனைவி, பத்து வயது மகளுடன் ஸ்பிதி, லடாக், கட்ச் என்று நீண்ட பயணம் போகவும், வழியில் நாங்களே சமைத்து வண்டியிலேயே தங்கவும் ஆசை. புதிய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வாங்குவதா, பயன்படுத்திய இசுஸு வி-கிராஸ் வாங்குவதா? என்னென்ன மாற்றங்களை எந்த வரிசையில் செய்யலாம்?

பதில்: உங்களுக்குத் தோப்பு இருப்பதால் பிக்கப் என்ற முடிவில் பிழையில்லை. பயணத்துக்காக மட்டும் என்றால் ஸ்கார்பியோ-என் போன்ற நாற்சக்கர இயக்கமுள்ள மூடிய வண்டியையே சொல்லியிருப்பேன். அது ஏறத்தாழ 60 செ.மீ. குட்டையானது, சாமான்களைப் பூட்டி வைக்கத் தனியாகக் கூடு கட்ட வேண்டியதும் இல்லை. பிக்கப் வாங்குவோர் இன்ஜின் வேகத்தையும் தோற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களே ஒழிய, அந்த வண்டி சட்டப்படி எவ்வளவு எடை சுமக்கலாம் என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. உங்கள் கேள்வியின் எல்லாப் பகுதிகளுக்குமான விடை அந்த எடையில்தான் இருக்கிறது.

ஆர்.சி.யில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதே ஆட்களும் சாமான்களும் நீங்கள் பொருத்தும் உபகரணங்களும் சேர்ந்து இருக்கக்கூடிய எடை. தனிப்பயன் வாகனமாகப் பதிவாகும், இரு வரிசை இருக்கைகளுள்ள டபுள் கேப் பிக்கப்களில் இந்த அளவு, வண்டியின் பருமனைப் பார்த்து நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் பயணத்துக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் மூவரும் 170 கிலோ; பின்தொட்டியை மூடும் ஃபைபர் கேனோபி 70 கிலோ; ரேக்கும் அதன்மேல் விரியும் கூடாரமும் 95 கிலோ; நாற்பது லிட்டர் ஃபிரிட்ஜும் அதற்கான லித்தியம் பேட்டரியும் 32 கிலோ; தண்ணீர் 40 கிலோ; கேனில் டீசல் 20 கிலோ; மீட்புச் சாதனங்களும் கருவிகளும் 25 கிலோ; அடுப்பு, உணவு, துணிமணி 50 கிலோ. கூட்டினால் 502 கிலோ வருகிறது. இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் வின்ச்சும் இதில் இன்னும் சேரவில்லை. நீங்கள் வாங்க நினைக்கும் வண்டியின் ஆர்.சி. நகலைக் கையில் வைத்துக்கொண்டு இதே கணக்கை உங்கள் சாமான்களுக்குப் போடுங்கள். கூட்டுத்தொகை ஆர்.சி. வரம்பை மிஞ்சினால் குறைக்க வேண்டியது சாமான்களைத்தான். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டியின் பின்புறம் தாழாமல் நிற்கும். ஆனால் பிரேக், அச்சு, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் ஆகியவற்றின் தாங்குதிறன் அதனால் ஒரு கிலோகூடக் கூடாது, ஆர்.சி.யில் உள்ள எண்ணும் மாறாது. பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் எடை நெம்புகோல்போல் வேலை செய்து முன் சக்கரங்களின் பிடிப்பைக் குறைக்கும். ஆஸ்திரேலியாவின் மேடுபள்ளமான மண் சாலைகளில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய டபுள் கேப் வண்டிகள் கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளைந்து நின்றுபோவது அங்குள்ள பயணிகள் நன்கறிந்த விபத்து.

இனி எந்த வண்டி என்பதற்கு வருவோம். 2022இல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸில் 2.8 லிட்டர் டீசல் இன்ஜின், 204 குதிரைத்திறன். முறுக்குவிசை மேனுவல் கியரில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. பின் டிஃபரன்ஷியல் லாக்கும் (இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) 80 லிட்டர் டாங்கும் உண்டு. இசுஸுவின் வி-கிராஸ் 2016 முதல் சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. தொடக்க மாடல்களில் 2.5 லிட்டர் இன்ஜின் 320 நியூட்டன் மீட்டர் தந்தது, பி.எஸ்.6 புகைவிதிக்கு உட்பட்ட, 2021க்குப் பிந்தைய மாடல்களில் 1.9 லிட்டர் இன்ஜின் 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டரும் தருகிறது. வி-கிராஸில் இருசக்கர இயக்க மாடல்களும் விற்பனையானதால், பயன்படுத்திய வண்டியைப் பார்க்கும்போது வெளித்தோற்றத்தை நம்பாமல் நாற்சக்கர இயக்கத்துக்கான திருகும் குமிழ் உள்ளே இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை, நல்ல நிலையில் உள்ள, 2021க்குப் பிந்தைய, நாற்சக்கர இயக்கமுள்ள வி-கிராஸ். லடாக் சாலைகளுக்கு 360 நியூட்டன் மீட்டர் தாராளமாகப் போதும். தமிழ்நாட்டில் 20 லட்ச ரூபாயைத் தாண்டிய புதிய வண்டிக்கு வாழ்நாள் வரி மட்டுமே 20 சதவீதம் என்பதால், பழைய வண்டியில் மிஞ்சும் தொகை டயருக்கும் உபகரணங்களுக்கும் பயணச் செலவுக்கும் உதவும். வாங்கிய வண்டியைப் பதினைந்து ஆண்டு வைத்திருப்பவர் நீங்கள் என்றால் மட்டும் ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் பக்கம் சாய்வேன். மலைச்சாலையில் அதன் இன்ஜின் சிரமமே படுவதில்லை, மறுவிற்பனை மதிப்பும் நன்றாக நிற்கும்.

அன்றாட ஓட்டத்தைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். ஹைலக்ஸ் 5,325 மி.மீ., வி-கிராஸ் 5,295 மி.மீ. நீளம், கட்டடங்களில் கார் நிறுத்த ஒதுக்கும் இடமோ பெரும்பாலும் ஐந்து மீட்டர்தான். உங்கள் வீட்டு வாசலையும் நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தையும் டேப்பால் அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ பார்க்கப்போகும் வண்டியை அதே சாலையில் ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. மூன்று மீட்டரைத் தாண்டிய வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) வளைவில் எவ்வளவு இடம் கேட்கிறது என்பது ஷோரூம் வாசலில் தெரியாது. பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டை என்பதால் காலி வண்டி வேகத்தடையில் தூக்கிப்போடும். தோப்புக்கான சில மூட்டைகள் ஏறியதும் அமைதியாகிவிடும். பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, அவ்வப்போது அதிக வெப்பத்தில் அந்தக் கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். நகருக்குள் குட்டை ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியில் அது நிறைவேறாமல் அடைத்துக்கொள்ளும். நீங்கள் பொள்ளாச்சி நான்குவழிச் சாலையில் நிதானமான வேகத்தில் போய்வருவதால் இந்தத் தொல்லை உங்களுக்குக் குறைவு.

மாற்றங்களில் முதலிடம் டயருக்கு. தார்ச்சாலைக்கான டயரைவிட ஆல்-டெரெய்ன் வகை கூர்ங்கற்களையும் ஈர மண்ணையும் நன்றாகத் தாங்கும்; சேற்றுக்கென்றே வரும் முரட்டு டயரோ தினசரி ஓட்டத்தில் இரைச்சலிட்டு, மழைநீர்ச் சாலையில் பிடிப்பும் குறைவாகக் காட்டும், உங்களுக்கு அது வேண்டாம். அளவை மாற்றாதீர்கள். ஓர் உதாரணம்: 265/65 ஆர்17 டயருக்குப் பதிலாக 265/70 ஆர்17 போட்டால் விட்டம் 26.5 மி.மீ. கூடும்; தரை இடைவெளியில் கிடைப்பது அதில் பாதி, 13 மி.மீ. மட்டுமே. அதற்குக் கொடுக்கும் விலை, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 103ஐத் தாண்டியிருப்பது, இழுவை குறைவது, டீசல் செலவு கூடுவது.

டயரோடு சேர்த்தே ஒரு நல்ல 12 வோல்ட் காற்றடிப்பானும் அழுத்தமானியும் வாங்குங்கள். மணலில் சிக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அழுத்தத்தை 18–20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலே, தரையில் பதியும் டயர்ப் பரப்பு நீண்டு, தானாக வெளியே வந்துவிடும். அந்த அழுத்தத்தில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், சட்டென்று திருப்பக் கூடாது, தார்ச்சாலை வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் உபகரணம் வேறொன்றையும் நான் அறியேன்.

நாற்சக்கர இயக்கத்தைக் கற்றுக்கொள்வதும் ஒரு மேம்பாடுதான், அதற்குச் செலவே இல்லை. முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் நடு டிஃபரன்ஷியல் இவ்விரு வண்டிகளிலும் இல்லை. ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இயங்கும் நிலை) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டப்படுகின்றன. வளைவிலோ முன் சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் திரிபு முழுவதும் கியர்களில் ஏறும். ஆகவே காய்ந்த சாலையில் அதைப் போடவே கூடாது. செங்குத்தான இறக்கங்களில் ஃபோர் லோவும் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையுடன் இயங்கும் நிலை) முதல் கியரும் போதும், பிரேக் சூடேறாமல் வண்டி நடந்தே இறங்கும்.

அடுத்து சஸ்பென்ஷன். வாரத்தில் ஐந்து நாளும் பாதி காலியாக ஓடப்போகும் வண்டியில் கனரக ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டால் அந்த ஐந்து நாளும் உங்கள் இடுப்புதான் அனுபவிக்கும். ஒரு பெரிய பயணம் போய்வரும்வரை ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு, தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர்களை மட்டும் தரமானவையாக மாற்றுங்கள்; கரடுமுரடான சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது முதலில் சூடேறிச் சோர்வது அவைதான். ஐம்பது மி.மீ. உயர்த்தும் கிட்டைப் பலரும் சொல்வார்கள். உயர்த்தினால் முன் அச்சுத்தண்டுகளின் கோணம் கூடி ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும், வண்டியின் எடைமையம் மேலேறும், கூரைக் கூடாரத்துடன் வளைவுகளில் சாய்வும் கூடும். நீங்கள் சொன்ன வழித்தடங்கள் எதற்கும் அந்த உயரம் தேவையில்லை.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முன்பக்க இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அந்தத் தடுப்பு மோதலின் விசையை நொறுங்க வேண்டிய பாகங்களுக்குப் போகவிடாமல் நேராகச் சேஸிஸுக்குக் கடத்துகிறது. காற்றுப்பை விரியும் நேரத்தைக் குழப்பலாம். எதிரே வரும் நடைப்பயணிக்கு அது உயிராபத்து. வின்ச் வேண்டுமென்றால் அத்தகைய பம்பரும் வேண்டியிருக்கும், இரண்டும் சேர்ந்து முன் அச்சின்மீது பெரும் பாரத்தை ஏற்றும் என்பதால் வின்ச்சையே விட்டுவிடச் சொல்கிறேன். அதன் இடத்தில் சிக்கிய டயருக்கடியில் வைக்கும் இரண்டு இழுவைப் பலகைகள், ஒரு மண்வெட்டி, பட்டையை வண்டியோடு இணைக்கும், எடைத்திறன் குறித்த ஷாக்கிள்கள், நீளும் தன்மையுள்ள ஒரு மீட்புப்பட்டை போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மீட்புப்பட்டையை டிரெய்லர் கொக்கியின் உருண்டையில் மாட்டவே கூடாது. அது பிய்ந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. தயாரிப்பாளர் மீட்புக்கென்று குறித்த இடத்தில் மட்டும் மாட்டுங்கள். கேனோபியைப் பொருத்துவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். கழற்றி மாட்டக்கூடிய மூடியும் தார்ப்பாயும் உங்கள் முதல் பயணத்துக்குத் தாராளம். உரமூட்டை ஏற்றும் நாட்களில் கேனோபி இடைஞ்சலாகவும் இருக்கும்.

கூரைக் கூடாரத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கேபின் கூரையின் எடை வரம்பு ஓடும் வண்டிக்கானது, அதில் ரேக்கின் எடையும் அடங்கும். கையேட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் பல கூடாரங்கள் அங்கேயே தள்ளுபடியாகிவிடும். லடாக்கிலும் ஸ்பிதியிலும் வீட்டுத்தங்கல்கள் நிறைய இருக்கும்போது, தரையில் விரிக்கும் நல்ல கூடாரம் ஒன்றை எடுத்துக்கொண்டால் அறுபது கிலோ மிச்சமாகும். ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி இழுக்கும் என்று கொண்டால், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு நாள் தாங்கும். அதை இன்ஜின் பேட்டரியோடு நேராக இணைக்காமல் மின்னேற்றத்தைச் சீராக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக இணைக்க வேண்டும், பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். மூடிய கேனோபிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்புப் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

டீசல் கேனும் உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். மணாலி–லே வழியில் தண்டி பங்கிலிருந்து அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று எழுதியிருந்த பலகை பெயர்பெற்றது. ஹைலக்ஸின் 80 லிட்டர் டாங்க், லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தாலும் 640 கி.மீ. ஓடும். வி-கிராஸ் என்றால் அதன் டாங்க் அளவைக் கொண்டு இதே கணக்கைப் போட்டு, கிளைவழிகளுக்கும் சேர்த்து முடிவெடுங்கள். அதே வழியிலுள்ள தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்கையும் எட்டாது, டர்போ அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும், ஆகவே ஏற்றத்தில் வண்டி மந்தமாவதைப் பழுது என்று எண்ண வேண்டாம். குளிர்காலத்தில் போவதானால் நிலைமை வேறு: சாதாரண டீசல் கட்டியாகி வடிகட்டியை அடைக்கும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. முதல் பயணத்தைக் கோடையில் வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை. கட்சிலிருந்து திரும்பிய வண்டியின் அடிப்பாகத்தை மறுநாளே நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவச் செய்யுங்கள், உப்பு சேஸிஸை உள்ளிருந்து அரிக்கும்.

பயன்படுத்திய வி-கிராஸைப் பார்க்கப் போகும்போது, ஆர்.சி.யில் வாகன வகையை முதலில் படியுங்கள்; சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் வரியும் பெர்மிட்டும் மாநில எல்லைச் சோதனைகளும் வேறாகிவிடும் என்பதால் விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, கேபினுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள சேஸிஸ் பகுதியில் வெல்டிங் தடமோ புதுப் பெயின்டோ இருக்கிறதா என்று பாருங்கள். கேபினும் தொட்டியும் சந்திக்கும் இடைவெளி மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், மேலே அகன்று கீழே குறுகியிருந்தாலோ, அதற்கு நேர்மாறாக இருந்தாலோ சேஸிஸ் வளைந்திருக்கக்கூடும். ஸ்பிரிங் பட்டைகளில் கூடுதல் தகடு சேர்க்கப்பட்டிருந்தால் அந்த வண்டி நிறையப் பாரம் கண்டது என்று பொருள். மண்தரையில் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். பல உரிமையாளர்கள் ஒருமுறைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். எல்லாம் திருப்தியாக இருந்தால், விற்பவரின் சம்மதத்துடன் பக்கத்து எடை மேடையில் ஏற்றி முழு எடையையும், முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியாகவும் குறித்துக்கொண்டு, அந்தச் சீட்டை ஆர்.சி.யோடு ஒப்பிட்டபின் விலை பேசத் தொடங்குங்கள்.